தம்பியின் மூக்காக எட்டு நாள்

மண்ணெண்ணெய் டின்னை என் காலடியில் வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பேருந்து ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அதன் மூடி திறந்துகொண்டது. நான் குனிந்து பார்ப்பதற்குள் என் துணிப்பையின் அடிப்பாகம் ஊறிப்போயிருந்தது. பினாங்கிலிருந்து மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த கிராம்பு, ஜாதிக்காய், அன்னாசிப்பூப் பொட்டலங்கள் அதற்குள்தான் இருந்தன.

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். "மலாயாக்காரி போல இருக்கிறது, கழுத்துச் சங்கிலியைப் பார்" என்றாள் ஒருத்தி. "கழுத்து இருக்கட்டும், பையிலிருந்து வருகிற நாற்றத்தைப் பார்" என்றாள் மற்றவள். பக்கத்து வீட்டுத் தறிக்காரர்களிடம் சிறுவயதில் தெலுங்கு கேட்டு வளர்ந்தவள் நான் என்று அவர்களுக்குத் தெரியாது. நடத்துனர் எழுந்து நின்று, "யாரும் பீடி பத்த வைக்காதீங்கபா, குடும்பத்தோட போய்ச் சேர்ந்துடுவோம்" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. பதினெட்டு வயதில் கல்யாணமாகி பினாங்குக்குப் போன நான், பதினான்கு வருஷம் கழித்து அப்போதுதான் ஊருக்கு வந்தேன். அங்கே நானும் வீட்டுக்காரரும் துறைமுகத்துப் பக்கம் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தினோம். என் தம்பி மாசிலாமணி காஞ்சிபுரத்தில் கல்யாண சமையல் செய்பவன். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் மனைவி சரோஜா எழுதிய கடிதம்தான் என்னைக் கப்பலேற்றியது. "அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. யாரோடும் பேசுவதில்லை. நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது அண்ணி" என்று நான்கு வரிதான் எழுதியிருந்தாள். புகுந்த வீட்டு உறவுகளைப் பார்க்கும் நாட்கள் போக, தம்பி வீட்டில் தங்க எனக்கு எட்டு நாள் கிடைத்தது.

பிள்ளையார்பாளையத்தில் அவன் வீடு. இரண்டு பக்கமும் தறிச்சத்தம். மாசிலாமணி வாசலுக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பாதியாக இளைத்திருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் பையைத் திறந்தேன். மண்ணெண்ணெய் கதையைச் சொல்லி அவனைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று பேருந்திலேயே தீர்மானித்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கிராம்புப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மூச்சை இழுத்தான்.

"அடேயப்பா! இன்னா வாசனைக்கா! கிராம்புன்னா இதான் கிராம்பு!"

வீடு முழுக்க மண்ணெண்ணெய் நெடி. அவன் மகள் ஆறு வயது வள்ளி, அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஆமாம்பா, நல்ல கிராம்பு" என்றேன்.

அன்று மாலை எனக்காக அவனே கோயில் இட்லி செய்தான். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் நெய்யும் கலந்த மாவை ஊற்றி வேகவைப்பது. பினாங்கில் பஞ்சுபோன்ற வெள்ளை இட்லி விற்றுப் பழகிய எனக்கு அந்தக் கரகரப்பான இட்லிக்காக எத்தனையோ நாள் நாக்கு ஏங்கியிருக்கிறது. ஒரு விள்ளலை வாயில் போட்டேன். பெருங்காயம் மூன்று மடங்கு இருந்தது. மிளகும் சுக்கும் எங்கேயோ அடியில் கிடந்தன. முழுதையும் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டேன். அவன் ஒரு துண்டைப் பிட்டு, வைக்கோலைச் சவைப்பதுபோலச் சவைத்துவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் காலையில் சரோஜா என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனாள். தெரு நெடுக ஆட்கள் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நடந்தபடியே அவள் சொன்னாள்.

"போன வருஷம் ஒரு கல்யாணத்துல, சமையல் கட்டுல வழுக்கி மல்லாக்க வுழுந்துட்டாரு அண்ணி. பின்மண்டைல அடி. ரெண்டு நாள் நெனவு இல்லை. எழுந்து உக்காந்தாரு, காப்பி குடுத்தேன், வெந்நீர் மாதிரி இருக்குதுன்னாரு. அவ்ளோதான். அதுலேர்ந்து ஒரு வாசனையும் தெரியலை."

"டாக்டர்கிட்ட?"

"மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கே போனோம். மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு அறுந்துடுச்சாம். ஒரு வருஷத்துக்குள்ள வந்தா வரும், இல்லேன்னா இல்லைன்னாங்க. அந்த ஒரு வருஷம் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு அண்ணி."

உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு அவன் நாக்குக்குத் தெரியும். காரம் சுடும். மற்றதெல்லாம் போய்விட்டது. பதினான்கு வருஷம் கடை நடத்திய எனக்கே அன்றுதான் உறைத்தது. மல்லி, சீரகம், ஏலம், கறிவேப்பிலை, பெருங்காயம் என்று நாம் ருசி என்று சொல்வதில் முக்கால் பங்கு நாக்கில் இல்லை, மூக்கில் இருக்கிறது. மூக்கை எடுத்துவிட்டால் ரசம் என்பது உப்புப்போட்ட புளித்தண்ணீர்தான்.

அடிபட்டு மூன்று மாதத்தில், யாரிடமும் சொல்லாமல், ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருக்கிறான். சாம்பார் அடிப்பிடித்திருக்கிறது. அந்தத் தீய்ந்த நெடி தெருமுனைவரை அடித்திருக்கிறது. அவன் மட்டும் அதைக் கிளறிப் பந்திக்கு அனுப்பியிருக்கிறான். பாதிப் பேர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்கள். குடித்துவிட்டுச் சமைத்தான் என்று ஊரில் பேச்சு. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

"குடிச்சான்னு பேரு எடுத்தாலும் எடுப்பேன், மூக்கு போயிடுச்சுன்னு சொல்லாதேன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு" என்றாள் சரோஜா. "இப்போ வாலாஜாபாத் துரைக்கண்ணு அண்ணன் மட்டும் அவரு பொண்ணு வளைகாப்புக்குக் கூப்பிட்டிருக்காரு. பழைய சிநேகிதம். இதுவும் கெட்டுப்போச்சுன்னா இந்த மனுஷன் இன்னா பண்ணிக்குவாரோ, எனக்குத் தெரியலை. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன் அண்ணி. நீங்க கூட நின்னு மோந்து பாத்துச் சொல்லணும்."

கடைக்காரர் மல்லியை அளந்துகொண்டிருந்தார். எனக்குக் கண் மறைத்தது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அடுப்பங்கரையில் அவன் எதிரே உட்கார்ந்து சொன்னேன்.

"அந்தக் கிராம்புல மண்ணெண்ணெய் கொட்டிப்போச்சுப்பா."

அவன் அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டான். பிறகு, "அப்ப வந்த அன்னிக்கே தெரிஞ்சுடுச்சா உனக்கு" என்றான். கோபம் இல்லை. நெடுந்தூரம் சுமந்த மூட்டையை இறக்கிவைத்தவன்போல இரண்டு கையையும் முழங்காலில் தொங்கவிட்டுக்கொண்டான்.

அன்று முழுவதும் பழகிப் பார்த்தோம். அவன் வறுப்பான், நான் மோந்து சொல்வேன். அவன் கண்ணும் காதும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அப்போதுதான் பார்த்தேன். மல்லியை வறுக்கும்போது காதைச் சாய்த்து அது பொரியும் சத்தத்தைக் கேட்டான். வெந்தயம் எந்தச் சிவப்பில் கசக்கத் தொடங்கும் என்று நிறத்தை வைத்தே இறக்கினான். ஆனால் சிவந்த பிறகும் உள்ளே பச்சையாக இருக்கும் மல்லியை நிறம் காட்டிக்கொடுக்காது.

"இப்போ எப்படி இருக்குது?" என்று கேட்டான்.

"மல்லி வாசனை வருது."

"எப்படி வருதுன்னு சொல்லுக்கா."

நிறத்துக்குப் பெயர் இருக்கிறது. வாசனைக்கு அந்தந்தப் பொருளின் பெயரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? "வெயில்ல காஞ்ச வைக்கோல்மேல எலுமிச்சம்பழத்தோலைக் கசக்கின மாதிரி" என்றேன் கடைசியில்.

அவன் கண்ணை மூடி அதைத் தேடினான். நெற்றி சுருங்கியது.

"வைக்கோலே மறந்துபோச்சுக்கா" என்றான். "முதல்ல நெனச்சிப் பாத்தாலாவது வரும். இப்போ அதுவும் வரலை. வள்ளி தலைக்கு எண்ணெய் வெச்சிக்கினு வந்து மடில படுக்கும். முந்தி அந்த வாசனைலியே தூங்கிடுவேன். இப்போ யார் வூட்டுக் கொழந்தையோ வந்து படுத்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது. அதைப் போய் யார்கிட்ட சொல்றது?"

நான் கரண்டியை வாங்கி மல்லியை இறக்கினேன். கருகியிருந்தது. நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வளைகாப்பு. பாத்திரங்களோடு காலையிலேயே வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தோம். துரைக்கண்ணு அரிசி ஆலையில் மேஸ்திரி. கனத்த உடம்பும் மெல்லிய குரலுமாக இருந்தார். "மாசிலாமணி கையால ஒரு வாய் புளியோதரை வேணும்னு கொழந்த ஏழு மாசமா கேட்டுக்கினு இருக்குதும்மா" என்று என்னிடம் சொன்னார். ஏழாம் மாத வயிற்றோடு அவர் மகள் குமுதா உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துச் சிரித்தாள்.

கொல்லையில் அடுப்பு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கோயில் இட்லி, பாயசம் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. நான் அவன் பக்கத்திலேயே நின்று, யார் கண்ணிலும் படாமல், "போதும்", "இன்னும் கொஞ்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். யாராவது கவனித்தால், மலாயாவில் எப்படிச் செய்வார்கள் என்று கதை பேசினேன். அங்கே சாதத்தில் ஒரு பச்சை இலையை முடிச்சுப்போட்டு வேகவைப்பார்கள் என்று சொன்னபோது பெண்கள் நம்பாமல் சிரித்தார்கள்.

புளியோதரை மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்கள். "கடல் தாண்டி வந்திருக்கீங்க, வந்து பொண்ணுக்கு முதல் வளையல் போட்டுவிடுங்கம்மா" என்றார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மாசிலாமணியைப் பார்த்தேன். "போய்ட்டு வாக்கா" என்று தலையசைத்தான். ஐந்து நிமிஷம் என்று நினைத்துப் போனேன்.

நான் போட்ட வளையல் மணிக்கட்டைத் தாண்டுவதற்குள் குமுதா முகத்தைச் சுளித்தாள். கர்ப்பிணிகளுக்கு மூக்கு எவ்வளவு கூர்மை என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். "அப்பா, எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதுப்பா" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் அது என் மூக்குக்கும் எட்டியது. வளையல் தட்டை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன்.

அண்டா நிறையப் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் நெடுநாளாக மூடிவைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை முழுதாக ஊற்றியிருந்தான். அண்டாவிலிருந்து பழைய எண்ணெயின் சிக்கு நாற்றம் ஆவியாக ஏறிக்கொண்டிருந்தது. அவன் அந்த ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, நிறம் சரியாக வந்திருக்கிற திருப்தியோடு கிளறிக்கொண்டிருந்தான்.

என் முகத்தைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"எண்ணெயா?" என்றான்.

"ஆமாம்பா."

அதற்குள் துரைக்கண்ணுவும் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். துரைக்கண்ணுதான் முதலில் பேசினார். "எங்க வூட்டு எண்ணெய்தானேபா. நான்தான் பாத்துக் குடுத்திருக்கணும். உம்மேல தப்பு இல்லை."

அதோடு விட்டிருக்கலாம். பழியை எண்ணெய்மேல் போட வழி இருந்தது. வீட்டுக்காரரே அந்த வழியைத் திறந்தும் விட்டார். மாசிலாமணி கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஊத்தறதுக்கு முந்தி நான் மோந்து பாத்தேண்ணே. எல்லாரும் பாக்கட்டும்னு மோந்து பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலை. ஒரு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியலை. அந்தக் கல்யாணத்துல சாம்பார் தீஞ்சதும் அதனாலதான். நான் குடிக்கலை. இத்தினி நேரமும் எங்க அக்கா மூக்குலதான் சமைச்சிக்கினு இருந்தேன். உங்ககிட்ட சொல்லாம வந்தது தப்பு."

அடுப்பில் விறகு வெடித்தது. ஒருவர் குனிந்து கொள்ளியை இழுத்துத் தணித்தார்.

குமுதா வளையல் குலுங்கக் கொல்லைப்படியில் வந்து நின்றாள். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. "மாமா, புதுசா எண்ணெய் வாங்கியாரச் சொல்றேன். எனக்கு மட்டும் ஒரு சின்ன சட்டில செஞ்சு குடுங்க. நான் இங்கியே உக்காந்து மோந்து பாத்துச் சொல்றேன்" என்றாள்.

அண்டாவைக் கவிழ்த்தோம். விருந்தினருக்கு எலுமிச்சை சாதத்தை இரட்டிப்பாக்கினோம். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானது. யாரும் குறை சொல்லவில்லை. குமுதா ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி, "இப்போ வெந்தயம் போடலாம் மாமா", "எறக்குங்க, எறக்குங்க" என்று சொல்லச் சொல்ல, அவன் அந்தச் சின்னச் சட்டியைக் கிளறினான். ஒரு கை அள்ளித் தின்றுவிட்டு, "இதான்" என்றாள் அவள். அவன் தலையைக் குனிந்துகொண்டே பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினான்.

மறுநாள் அவன் படுக்கையைவிட்டு எழவில்லை. பினாங்குக்கு வந்துவிடேன், கடையில் எங்களோடு இரு என்று கூப்பிட்டேன். "அங்கியும் இந்த மூக்குதானேக்கா கூட வரும்" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் சரோஜாவைக் கூட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். வாசனையை நம்பாமல் ஒரு சாப்பாடு. முந்தைய இரவு முழுதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மிளகின் சூடு வாசனை இல்லை, அது நாக்கைத் தொடுவது. கடுகை அரைத்தால் வருகிற குத்தலும் அப்படித்தான். இஞ்சி, பச்சைமிளகாய், நெல்லிக்காயின் துவர்ப்பு, வறுத்த சுண்டைக்காய் வற்றலின் கசப்பு, மோர்மிளகாய் நொறுங்குகிற சத்தம். சூடான சாதத்துக்குப் பக்கத்தில் சில்லென்ற தயிர்ப் பச்சடி. கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் நான் தொடவே இல்லை.

அவன் வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தான். முதல் கவளத்துக்குப் பிறகு கை கொஞ்சம் வேகமாக வந்தது. கடுகுத் துவையல் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. இரண்டாம் தடவை சாதம் கேட்டான். சரோஜா கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

"நல்லா இருக்குதுன்னு பொய் சொல்ல மாட்டேன்கா" என்றான். "ஆனா தின்றேன்னு தெரியுது."

ஏழாம் நாள் மதியம் துரைக்கண்ணு சைக்கிளில் வந்தார். காப்பி ஆறும்வரை டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "தப்பா எடுத்துக்காதேபா" என்று தொடங்கினார். "ஆலைல நெல் ஊறப்போடற தொட்டி இருக்குது. மூணாம் நாள் அந்தத் தண்ணி நாத்தம் எந்த ஆளாலயும் தாங்க முடியலை. வர்றவன் எல்லாம் வாந்தி எடுத்துட்டு ஓடிப்போயிடறான். நெரந்தர வேலை. உனக்குன்னு கேட்டு வெச்சிருக்கேன்."

மாசிலாமணி சிரித்தான். நான் வந்த இத்தனை நாளில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "எனக்குன்னே கட்டி வெச்சிருக்காங்க போலண்ணே" என்றான். சரோஜா எழுந்து உள்ளே போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

எட்டாம் நாள் காலை நான் கிளம்பினேன். அதே நாள்தான் அவனுக்கும் வேலையில் முதல் நாள். வாலாஜாபாத் வரை சேர்ந்தே போனோம். ரயில் தாமதம் என்றார்கள். என்னை ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டுப் போக அவன் நினைத்தான். நான்தான், ஆலைவரை வருகிறேன் என்று அவனோடு நடந்தேன். வழியில் எங்கள் கடையைப் பற்றியும் பினாங்கு மழையைப் பற்றியும் பேசினோம். கால்வாயைத் தாண்டியதும் அந்த நாற்றம் வந்து முகத்தில் மோதியது. ஊறி அழுகிய நெல்லும் சேறும் கலந்த நெடி. முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவன் மட்டும், காற்று வாங்க வந்தவன்போல, நிமிர்ந்து நடந்தான்.

வாசல் கம்பிக் கதவருகே நின்று, "உடம்பைப் பாத்துக்கக்கா. போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடு" என்றான். சட்டையைக் கழற்றி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான். தொட்டிகளின் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு கணம் தயங்கினான். திரும்பிப் பார்க்கப்போகிறான் என்று தெரிந்தது. முந்தானையைச் சட்டென்று கீழே விட்டுவிட்டு, அவன் கண்ணில் படும்படி நன்றாக மூச்சை இழுத்தபடி, சிரித்துக்கொண்டு நின்றேன்.